லொத்தர், புக்கி, ஒன்லைன் பந்தயம்: கடைக்கு வருபவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

ஹட்டனுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், கரண்ட் பில், போம் நிரப்புவது என்று பொழுது போகும். கடை வாசலுக்கு நேரே லொத்தர் விற்கும் அண்ணனின் பலகை இருக்கிறது. அதனால் சம்பளம் போட்ட நாளில் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு "இதைக் கொஞ்சம் பாருங்க தம்பி" என்று வருபவர்கள் அதிகம். போனில் வந்த மெசேஜைக் காட்டிக் கேட்பவர்கள் அதைவிட அதிகம்.

ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டபோது ஒரு கொப்பியில் எழுதி வைக்கத் தொடங்கினேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். குவைத்தில் இருக்கும் அக்காமார், தமிழ்நாட்டுக் கூடலூரில் இருக்கும் சொந்தக்காரர்கள், மலேசியாவுக்கு வேலைக்குப் போன தம்பிமார் வழியாக வெளிநாட்டுக் கேள்விகளும் வந்துவிட்டன. அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

தம்பி, இந்த லொத்தர் எல்லாம் யாரு நடத்துறது? கவுர்மெண்டா, கம்பெனியா?

நம் நாட்டில் அரசாங்கம்தான். இரண்டு சபைகள் இருக்கின்றன. 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின் கீழ் வந்தது தேசிய லொத்தர் சபை. மஹஜன சம்பத, கொவிசெத எல்லாம் அவர்களுடையவை. அபிவிருத்தி லொத்தர் சபை அதற்குப் பிறகு வந்தது. லக்ன வாசனா, சனிதா போன்றவை அங்கிருந்து வருகின்றன. இந்த இரண்டையும் தவிர யாராவது "நாங்களும் லொத்தர்" என்று வந்தால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. இங்கிலாந்தில் தேசிய லொத்தர் 1994இல்தான் தொடங்கியது. அதை நடத்துவது ஒரு தனியார் நிறுவனம், அரசாங்கம் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் தங்களுக்கென்று நடத்துகின்றன. இந்தக் காலத்து மாநில லொத்தரை முதலில் தொடங்கியது 1964இல் நியூ ஹாம்ப்ஷயர். சூதாட்ட நகரமான லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் இன்றுவரை லொத்தர் கிடையாது. ஹொங்கொங்கும் மக்காவும் நீங்கலாகச் சீனாவில் சூதாட்டம் தடை, ஆனால் அரசாங்கமே இரண்டு லொத்தர்கள் நடத்துகிறது. ஒன்று சமூக நலனுக்கு, மற்றது விளையாட்டுக்கு.

நாப்பது ரூவா குடுத்து வாங்குறோம். அந்தக் காசு எங்கதான் போகுது?

இதை விளங்கிக்கொண்டால் மற்ற எல்லாமே விளங்கும். சீட்டு விற்ற காசு முழுவதும் ஒரு பானையில் விழுகிறது என்று வையுங்கள். பரிசு கொடுக்க ஒரு பங்கு, விற்பவருக்கும் முகவருக்கும் கொமிஷன், அச்சடிப்புச் செலவு, பிறகு அரசாங்கத்துக்கு ஒரு பங்கு. இந்தப் பங்குகள் சீட்டு அச்சாகும் முன்பே முடிவாகிவிட்டன. குலுக்கல் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: பரிசுக்கென்று ஒதுக்கிய பங்கு யார் கைக்குப் போகும் என்பதை.

அமெரிக்காவின் பவர்போல் என்ற லொத்தரில் விற்பனையில் பாதிதான் பரிசாகத் திரும்புகிறது. ஸ்பெயினின் கிறிஸ்மஸ் லொத்தரில் 70 வீதம் திரும்புகிறது, லொத்தர்களில் அது தாராளம். இங்கிலாந்தில் 12 வீதம் நேரே வரியாகப் போகிறது, கடைக்காரருக்கு 5 வீதம், நற்பணிகளுக்கு என்று ஒரு பெரிய பங்கு. நம் நாட்டில் தேசிய லொத்தர் சபையின் இலாபம் திறைசேரிக்குப் போகிறது. அபிவிருத்தி லொத்தர் சபையினுடையது ஜனாதிபதி நிதியத்துக்கும் மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் போகிறது. இருதய ஒபரேஷனுக்கு ஜனாதிபதி நிதியத்தில் உதவி கேட்டு என்னிடமே போம் நிரப்பியவர்கள் உண்டு. ஆகவே அந்தக் காசு வீணாகப் போகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது நீங்கள் கொடுக்கும் காசு. உங்களுக்கு வரும் காசாக அதை நினைத்துக்கொள்ளக் கூடாது.

பெரிய பரிசு எனக்கு விழ எவ்வளவு சான்ஸ் இருக்கு? உண்மையைச் சொல்லுங்க.

மஹஜன சம்பத சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓர் ஆங்கில எழுத்து, பிறகு ஆறு இலக்கங்கள். ஆறு இலக்கத்தில் 10 லட்சம் எண்கள் வரும். அதை 26 எழுத்தால் பெருக்கினால் 2 கோடியே 60 லட்சம். 2024 கணக்கெடுப்பில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை 2 கோடியே 17 லட்சத்துச் சொச்சம். பருத்தித்துறையில் இருந்து தெய்வேந்திரமுனை வரை உள்ள எல்லோருடைய பெயரையும், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயர் உட்பட, எழுதி ஒரு சாக்கில் போட்டுக் குலுக்கி ஒரே ஒரு பெயரை எடுப்பதைவிட இது கடினம். நாளுக்கு ஒரு சீட்டு வீதம் வாங்கி 2 கோடியே 60 லட்சம் சீட்டு சேர்க்க 71 ஆயிரம் வருஷம் வேண்டும்.

வெளிநாட்டில் இதைவிட மோசம். இங்கிலாந்தில் 49 எண்களில் 6 என்று இருந்தபோது ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சத்தில் ஒன்று. 2015இல் அதை 59 எண்களாக்கினார்கள். பத்து எண்தானே கூடியது என்று தோன்றும், ஆனால் வாய்ப்பு 4 கோடியே 50 லட்சத்தில் ஒன்றாகிவிட்டது. பவர்போலில் 29 கோடியே 22 லட்சத்தில் ஒன்று. விழுவது கடினமாகும்போது பரிசு வாரக்கணக்கில் சேர்ந்து வீங்குகிறது, பேப்பரில் செய்தி வருகிறது, இன்னும் அதிகம் பேர் வாங்குகிறார்கள். 2022 நவம்பரில் 204 கோடி டொலர் வரை போனது அப்படித்தான்.

ஒரே நம்பரை விடாம எடுத்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் விழுந்துதானே ஆகணும்?

இல்லை. குலுக்கும் இயந்திரத்துக்கு நேற்று நடந்தது தெரியாது. நேற்று விழாத எண்ணுக்கு இன்று கூடுதல் உரிமை கிடையாது, நேற்று விழுந்த எண்ணுக்கு இன்று தடையும் கிடையாது.

சின்னக் கணக்கு ஒன்று பார்ப்போம். பன்னிரண்டில் ஒன்று வாய்ப்புள்ள ஒரு விஷயத்தைப் பன்னிரண்டு தடவை செய்தால் கட்டாயம் ஒரு தடவை கிடைக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணக்குப் போட்டால் 100 பேரில் 35 பேருக்கு ஒரு தடவைகூடக் கிடைக்காது. பன்னிரண்டுக்கே இப்படி என்றால் 2 கோடியே 60 லட்சத்துக்கு என்ன சொல்வது?

பத்துச் சீட்டு வாங்கினால் வாய்ப்பு பத்து மடங்கு ஆகும் என்பது உண்மைதான். செலவும் பத்து மடங்கு ஆகும். ஒரு சீட்டில் சராசரியாக எவ்வளவு இழக்கிறீர்களோ அதைப் பத்துத் தடவை இழக்கிறீர்கள்.

என் லக்னத்துக்கு இந்த வாரம் நல்லா இருக்குன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அந்த லக்னச் சீட்டை எடுக்கலாமா?

எடுக்கலாம், எந்த லக்னத்தை எடுத்தாலும் ஒன்றுதான். குலுக்கலில் பன்னிரண்டு லக்னத்தில் ஒன்று வரும். உங்கள் லக்னக்காரர்கள் இந்த நாட்டில் ஏறக்குறைய 18 லட்சம் பேர் இருப்பார்கள். அத்தனை பேருக்கும் ஒரே வெள்ளிக்கிழமை பணம் கொட்ட முடியாதல்லவா? கோயிலுக்குப் போங்கள், அது வேறு விஷயம். சீட்டுக்கும் கிரகத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

ஒரே ஒரு நம்பர்ல தவறிப்போச்சு தம்பி! இன்னும் கொஞ்சம்தானே?

இந்த வார்த்தையைச் சொல்லும்போது ஆட்களின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தக் கொப்பியை எழுதத் தொடங்கினேன். 48215க்கு விழுந்தது, உங்களிடம் 48216 இருக்கிறது. பக்கத்து வீடு போலத் தெரிகிறது. ஆனால் குலுக்கலில் பக்கம், தூரம் என்று ஒன்று கிடையாது. 48216க்கும் 90003க்கும் கிடைத்த வாய்ப்பு ஒன்றேதான், இரண்டும் ஒரே அளவுக்குத் தோற்றவை. ஓட்டப் போட்டியில் இரண்டாவதாக வந்த பிள்ளை அடுத்த முறை முதலாவதாக வரலாம், ஏனென்றால் அது ஓடிப் பழகுகிறது. சீட்டு வாங்கிப் பழக வழி இல்லை.

விழுந்தா முழுக் காசும் கைக்கு வருமா?

இங்கே 2017ஆம் ஆண்டு உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி 5 லட்சம் ரூபா வரையான லொத்தர் பரிசுக்கு வரி இல்லை. அதற்கு மேல் என்றால் 14 வீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். வரி வீதம் பட்ஜெட்டோடு மாறக்கூடியது. ஆனால் முறை மாறவில்லை: அவர்களே கழித்துக்கொண்டு கொடுப்பார்கள். "முதலில் வரியைக் கட்டுங்க, பிறகு பரிசைத் தருகிறோம்" என்று எந்தச் சபையும் கேட்பதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

இந்தியாவில் 30 வீதம் வரி. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் பரிசுக்கு வரி இல்லை. ஸ்பெயினில் 40 ஆயிரம் யூரோவுக்கு மேற்பட்ட தொகைக்கு 20 வீதம். அமெரிக்காவில் பெரிய பரிசை ஒரே தடவையில் கேட்டால் அறிவித்த தொகையைவிட மிகவும் குறைத்துத்தான் தருவார்கள். முழுத்தொகை வேண்டும் என்றால் 29 வருஷத்துக்கு 30 தவணையாக வாங்க வேண்டும். பேப்பரில் வருவது அந்த 30 தவணையின் கூட்டுத்தொகை.

நாங்க மலையில அஞ்சு பேர் சேர்ந்து ஒரு சீட்டு எடுக்குறோம். சிக்கல் வருமா?

வந்ததைப் பார்த்திருக்கிறேன். கொழுந்தெடுக்கும் அக்காமார் ஐந்து பேர் வாராவாரம் பணம் போட்டு வாங்குவார்கள். சீட்டு ஒருவரின் வெற்றிலைப் பையில் இருக்கும். ஒரு தடவை 20 ஆயிரம் விழுந்தது. அந்த வாரம் காசு போடாத ஒருவர், "நான் அடுத்த நாள் தாறேன்னு சொன்னேனே" என்றார். வெற்றிலைப் பைக்காரர், "தரலையே" என்றார். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருப்பவர்கள் இரண்டு மாதம் பேசவில்லை. பைப்படியில் தண்ணீர் பிடிக்கக்கூட வேறு வேறு நேரத்தில் வந்தார்கள்.

ஆகவே சேர்ந்து எடுப்பதென்றால் காசு போட்டவர்களின் பெயரையும் சீட்டு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, சீட்டோடு சேர்த்துப் போட்டோ எடுத்து எல்லோருடைய வட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். குலுக்கலுக்கு முன்பே அனுப்ப வேண்டும்.

சேர்ந்து எடுப்பதே வழக்கமாகிவிட்ட நாடு ஸ்பெயின். 1812இல் இருந்து நடக்கும் அவர்களுடைய கிறிஸ்மஸ் லொத்தரில் ஒரு சீட்டைப் பத்துத் துண்டாகப் பிரித்து விற்கிறார்கள், துண்டு 20 யூரோ. டிசம்பர் 22ஆம் திகதி பள்ளிக்கூடப் பிள்ளைகள் எண்களைப் பாட்டாகப் பாடுவார்கள். 2011இல் சொதேத்தோ என்ற சிறிய விவசாயக் கிராமத்தில் ஏறக்குறைய எல்லா வீட்டுக்கும் முதல் பரிசு விழுந்தது. ஒரே ஒருவர் மட்டும் அந்தத் தடவை வாங்கவில்லை.

கூடலூர்ல இருக்க எங்க சின்னம்மா, கேரளா போய்த்தான் லாட்டரி எடுக்கணும்ங்கிறாங்க. தமிழ்நாட்டுல ஏன் இல்ல?

ஒரு காலத்தில் இருந்தது. 1968இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது அரசே தொடங்கியது. "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்று அன்று சொன்னார்கள். மேலே பானைக் கணக்கு சொன்னேனே, அதையே இரண்டு வரியில் அடக்கிய வாசகம் அது. பிறகு ஒற்றை எண் சீட்டு, உடனுக்குடன் முடிவு தெரியும் சீட்டு என்று வந்து, கூலி வாங்கிய கையோடு கடைக்குப் போய் வெறுங்கையோடு வீடு திரும்பும் நிலை வந்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு எல்லா லாட்டரியையும் தடை செய்தது.

இந்தியாவில் 1998இல் வந்த மத்திய சட்டம், நடத்துவதா தடுப்பதா என்பதை அந்தந்த மாநிலமே முடிவு செய்ய விட்டிருக்கிறது. கேரளா 1967இல் லாட்டரிக்கென்றே ஒரு துறையைத் தொடங்கி இன்றும் நடத்துகிறது. முதல் குலுக்கலில் சீட்டு ஒரு ரூபாய், பரிசு 50 ஆயிரம். இன்று ஓணம் பம்பர் சீட்டு 500 ரூபாய், பரிசு 25 கோடி. 2022இல் அந்த 25 கோடி திருவனந்தபுரத்து ஓட்டோ ஓட்டுநர் ஒருவருக்கு விழுந்தது. சில நாட்களிலேயே, உதவி கேட்டு வருபவர்களால் சொந்த வீட்டில் இருக்க முடியவில்லை, விழாமலே இருந்திருக்கலாம் என்று அவர் சொன்னது செய்திகளில் வந்தது.

உங்கள் சின்னம்மா கேரளாவுக்குள் போய் வாங்குவது சரி. அதையே கொண்டுவந்து தமிழ்நாட்டில் விற்றால் குற்றம்.

மலேசியாவுல நாலு நம்பர்னு சொல்றாங்களே, அது என்ன? கனவுல வந்த நம்பரை எழுதுறாங்களாமே?

0000 முதல் 9999 வரை ஏதாவது ஒரு நான்கு இலக்க எண்ணை நீங்களே தெரிவு செய்வது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடக்கிறது. மலேசியாவில் முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை. கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், இறந்தவர் வந்தால் ஓர் எண் என்று பார்ப்பதற்கே புத்தகம் இருக்கிறது. விபத்தான வாகனத்தின் எண்ணைப் பார்த்து வாங்குபவர்களும் உண்டு.

சிங்கப்பூரில் பரிசு விபரம் வெளிப்படையாக இருப்பதால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பெரிய பந்தயத்தில் ஒரு டொலர் போட்டால் முதல் பரிசு 2000, இரண்டாவது 1000, மூன்றாவது 490, பிறகு 250 டொலர் பரிசு பத்து, 60 டொலர் பரிசு பத்து. எல்லாவற்றையும் கூட்டினால் 6590. பத்தாயிரம் எண்ணுக்கும் ஒரு டொலர் வீதம் போட்டவனுக்குப் பத்தாயிரம் செலவு, கையில் வருவது 6590. அதாவது டொலருக்கு 66 சதம். கனவு யாருக்கு வந்தாலும் இந்த 66 மாறாது.

அக்கா குவைத்ல இருக்காங்க. டுபாய் லொத்தர் எடுத்து அனுப்பவான்னு கேக்குறாங்க.

குவைத், சவூதி, கட்டார் போன்ற நாடுகளில் சூதாட்டம் சட்டப்படி தடை. வீட்டு வேலைக்குப் போனவர் அங்கே இதில் மாட்டினால் விசா, சம்பளம் இரண்டுக்குமே ஆபத்து. அக்காவிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஐக்கிய அரபு அமீரகம் மட்டும் கொஞ்சம் வேறு. அபுதாபியில் பிக் டிக்கட் 1992இல் இருந்து இருக்கிறது, ஒரு சீட்டு 500 திர்ஹம். மாதம் 1200 திர்ஹம் சம்பாதிக்கும் ஒருவருக்கு அது கிட்டத்தட்ட பதின்மூன்று நாள் உழைப்பு. 2023இல் அங்கே இதற்கென்றே ஓர் ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கினார்கள். 2024 இறுதியில் அரசு உரிமத்தோடு தேசிய லொத்தர் தொடங்கியது, சீட்டு 50 திர்ஹம். இந்தப் பெயர்களை வைத்துத்தான் அதிகமான போலி மெசேஜ்கள் வருகின்றன.

"வாழ்த்துக்கள், 25 லட்சம் வென்றுவிட்டீர்கள்"னு மெசேஜ் வந்திருக்கு. என்ன செய்யணும்?

அழித்துவிடுங்கள். நீங்கள் சீட்டு வாங்கவில்லை என்றால் உங்களுக்குப் பரிசும் இல்லை. உலகத்தில் எந்த லொத்தரும் போன் நம்பரைக் குலுக்கிப் பரிசு கொடுப்பதில்லை.

அவர்கள் நடத்தும் விதம் எப்போதும் ஒன்றுதான். முதலில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கேட்பார்கள். பிறகு முத்திரை குத்திய ஒரு கடிதத்தை வட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதன் பிறகு "வரிக்கு 15 ஆயிரம்", "காசோலை அனுப்ப 8 ஆயிரம்", "சுங்கத்துக்கு 30 ஆயிரம்". ஒரு தொகை கட்டியவருக்கு, கட்டியது வீணாகிவிடுமே என்ற பயத்தில் அடுத்ததையும் கட்டத் தோன்றும். என் கடைக்கு ஓர் அம்மா மகளின் தோட்டை அடகு வைத்த காசோடு வந்து, "இந்த நம்பருக்குப் போடுங்க தம்பி" என்றார். மெசேஜைக் காட்டச் சொன்னேன். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசியும் அவர் நம்பவில்லை. கடைசியில், "பரிசுக் காசிலேயே அந்த 15 ஆயிரத்தைக் கழித்துக்கொண்டு மீதியைத் தரச் சொல்லுங்க" என்று அவர்களுக்கே போன் போடச் சொன்னேன். லைனை வெட்டிவிட்டார்கள். அன்று தோடு திரும்பி வந்தது.

யாராவது இதைச் சொல்லி உங்களிடம் வந்தால் இந்த ஒரு கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். வங்கியில் இருந்து வரும் ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்ல வேண்டாம். காசு போய்விட்டது என்றால் அன்றே வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லுங்கள், நாள் கடந்தால் பிடிப்பது கஷ்டம்.

இங்க இருந்து அமெரிக்கா லொத்தர் எடுத்துத் தாறேன்னு ஒரு சைட் சொல்லுது. உண்மையா?

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவரும் பவர்போல் வெல்லலாம், அது உண்மை. ஆனால் சீட்டு அந்த மாநிலத்துக்குள் விற்பனையாக வேண்டும். இடையில் இருக்கும் சைட் உங்கள் பெயரில் உண்மையாகவே வாங்கியதா என்று நீங்கள் போய்ப் பார்க்க வழி இல்லை. வென்றாலும் வெளிநாட்டவருக்கு 30 வீத வரி. வாய்ப்புக் கணக்கு மேலே இருக்கிறது.

டவுன்ல புக்கியில சாயங்காலமானா இவ்வளவு கூட்டம் ஏன்? எந்த ஊரு குதிரைக்குப் பந்தயம் கட்டுறாங்க?

புக்கி என்றால் பந்தயக் கடை. பெரும்பாலும் இங்கிலாந்துக் குதிரைகள். அங்கே பகல் 2 மணிக்கு ஓடும் ஓட்டம் கோடைகாலத்தில் நமக்கு மாலை 6.30. அதனால்தான் வேலை முடிந்து வரும் நேரத்துக்குச் சரியாகக் கூட்டம் சேர்கிறது. இங்கிலாந்திலேயே தெருக்கடையில் பந்தயம் கட்டுவது 1961 வரை சட்டவிரோதம். இங்கே 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இந்தக் கடைகள் வரி கட்டுகின்றன.

குதிரைப் பந்தயத்தில் இரண்டு முறை இருக்கிறது. ஒன்று, புக்கிக்காரர் விலை சொல்வது: இந்தக் குதிரைக்கு ஒன்றுக்கு நாலு, அதற்கு ஒன்றுக்குப் பத்து. மற்றது, எல்லாப் பந்தயத்தையும் ஒரே பானையில் போட்டு, நடத்துபவர் தன் பங்கை எடுத்த பிறகு மீதியை வென்றவர்களுக்குப் பிரிப்பது. இது 1860களில் பாரிஸில் வந்த முறை, ஹொங்கொங்கில் இன்றும் இதுதான். முதல் முறையில் விலைக்குள்ளேயே கடைக்காரரின் இலாபம் இருக்கிறது, இரண்டாவதில் முதலிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

நுவரெலியா ஏப்ரல் ரேஸும் இதுதானா?

ஓட்டம் வேறு, பந்தயம் வேறு. அந்தத் திடல் 1875இல் வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் அமைந்தது. சித்திரை சீசனில் குடும்பத்தோடு போய்க் குதிரை ஓடுவதைப் பார்த்துவிட்டு வரலாம், ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. ஈரப்புல்லில் குதிரைகள் வளைவு திரும்பும்போது மண் தெறிக்கும் சத்தம் வேலிக்கு இந்தப் பக்கம் கேட்கும். பிள்ளைகளுக்கு அது போதும்.

கிரிக்கட்ல பெட் போட்டா அறிவு இருக்கவன் ஜெயிக்கலாம்தானே? லொத்தர் மாதிரி இல்லையே?

கிரிக்கட் தெரிந்த பையன்களைத்தான் இது அதிகம் பிடிக்கிறது. அதனால் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன். சமபலமான இரண்டு அணிகள். இரண்டுக்கும் 1.90 என்று பந்தயக் கம்பெனிக்காரன் விலை போட்டிருப்பான், அதாவது வென்றால் ஒரு ரூபாவுக்கு 1.90 திரும்பி வரும். ஒருவன் இந்த அணிக்கு ஆயிரம், இன்னொருவன் அந்த அணிக்கு ஆயிரம். இரண்டாயிரம் உள்ளே வந்தது. யார் வென்றாலும் 1900 வெளியே போகிறது. நூறு ரூபா கம்பெனிக்கு. அவனுக்கு எந்த அணி வென்றால் என்ன?

இந்த நூறு சின்னதாகத் தெரியும். ஆயிரம் ரூபாப் பந்தயத்தை இருபது தடவை போட்டால் சராசரியாக ஓர் ஆயிரம் அவனுக்குப் போய்விட்டது. லொத்தர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான், போன் பந்தயமோ ஒவ்வொரு ஓவருக்கும், ஒவ்வொரு பந்துக்கும். அறிவு உதவாது என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் அறிவு மற்றவர்களுடைய அறிவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதாது, அந்த ஐந்து வீதத்தையும் தாண்ட வேண்டும். உண்மையாகவே தொடர்ந்து வெல்பவர்களின் கணக்கைப் பல கம்பெனிகள் கட்டுப்படுத்திவிடுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"மேட்ச் ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு, எங்கிட்ட நியூஸ் இருக்கு" என்று காசு கேட்பவனை நம்ப வேண்டாம். 2019இல் இருந்து ஆட்ட நிர்ணயம் இலங்கையில் கிரிமினல் குற்றம், பத்து வருஷம் வரை சிறை. அப்படிப்பட்ட தகவல் உள்ளவன் அதை 500 ரூபாய்க்கு டெலிகிராமில் விற்றுக்கொண்டிருக்க மாட்டான்.

போன் ஆப்ல விளையாடுறது சட்டப்படி சரியா? எல்லா நாட்டுலயும் இருக்கே?

எல்லா நாட்டிலும் இல்லை. இந்தியாவில் தமிழ்நாடு 2022இல் ஒன்லைன் சூதாட்டத்துக்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கடனில் மூழ்கி இளைஞர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதுதான் அதற்குக் காரணம். 2025 ஆகஸ்ட்டில் இந்திய நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஒன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது. அமெரிக்காவில் நேர்மாறு. 2018இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியதால் பெரும்பாலான மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் திறந்துவிட்டது.

இலங்கையில் குதிரைப் பந்தயம், சூதாட்டம், கசினோ மூன்றுக்கும் தனித்தனியாக இருந்த பழைய சட்டங்களுக்குப் பதிலாக 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் நிறைவேறியது. உங்கள் போனுக்கு விளம்பரம் அனுப்பும் பல ஆப்கள் கரீபியன் கடலில் இருக்கும் குராசோ போன்ற சின்னத் தீவின் உரிமத்தை வைத்திருப்பவை. காசு சிக்கினால் முறையிட ஹட்டனிலும் கொழும்பிலும் அவர்களுக்கு அலுவலகம் இல்லை.

ஆப்ல ஒரு லட்சம் ஜெயிச்சிருக்கேன், எடுக்கப் போனா இன்னும் 20 ஆயிரம் கட்டச் சொல்லுது.

25 லட்சம் மெசேஜுக்குச் சொன்ன பதிலேதான் இதற்கும். திரையில் தெரியும் ஒரு லட்சம் வெறும் எழுத்து. கட்ட வேண்டாம்.

எங்க வீட்டுக்காரரால நிறுத்த முடியல. என்ன செய்யலாம்?

இதை மெதுவான குரலில்தான் கேட்பார்கள், அதுவும் கடையில் வேறு ஆள் இல்லாத நேரத்தில். முதலில் ஒன்று சொல்கிறேன்: இது குணக்கேடு இல்லை. வைத்தியர்கள் இதை ஒரு நோயாகவே கணக்கில் எடுக்கிறார்கள். 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தேசிய மனநல உதவி மையத்தில் பேசலாம்.

மற்ற நாடுகள் செய்வதைப் பார்த்து வீட்டிலேயே சிலதைச் செய்யலாம். இங்கிலாந்தில் ஒருவர் தன் பெயரைத் தானே பதிந்துவிட்டால் உரிமம் பெற்ற எந்த ஒன்லைன் கம்பெனியும் அவரை உள்ளே விடாது. கடன் அட்டையில் சூதாடுவதையும் 2020இல் நிறுத்திவிட்டார்கள். சிங்கப்பூரில் உள்நாட்டுக்காரர் கசினோவுக்குள் போக ஒரு நாளைக்கு 150 டொலர் கட்ட வேண்டும், குடும்பத்தினரே தடை கேட்டு விண்ணப்பிக்கவும் முடியும். நோக்கம் எல்லாம் ஒன்று: கைக்கும் காசுக்கும் இடையே கொஞ்சம் தூரம் வைப்பது. சம்பளம் மனைவியின் கணக்குக்குப் போகட்டும், போனில் வங்கி ஆப் வேண்டாம், சேமலாப நிதிப் பணம் வரப்போகிறது என்றால் முன்பே வீட்டில் பேசி நிலையான வைப்பில் போடுங்கள். கடனை மட்டும் அடைத்துக் கையில் காசையும் கொடுத்தால் மறுபடி அதே இடத்துக்குத்தான் போகும்.

அப்போ லொத்தரே எடுக்கக் கூடாதுங்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டு சீட்டு எடுப்பவர் வருஷத்துக்கு 29 ஆயிரத்து 200 ரூபா கொடுக்கிறார். 2024இல் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளப்படி அது 22 நாள் பேர் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்பார்கள்). அட்டைக் கடியோடும் மழையோடும் மலையில் நின்ற 22 நாள். வாரத்துக்கு ஒன்று எடுப்பவருக்கு வருஷத்தில் 2080 ரூபா, இரண்டு நாள் பேருக்கும் குறைவு. முதலாமவரிடம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவேன். இரண்டாமவரிடம் ஒன்றும் சொல்ல மாட்டேன், வெயிலில் நின்று விற்கும் எதிர்க்கடை அண்ணனுக்கும் வீடு இருக்கிறது.

எங்க அப்பா செத்ததுக்கு அப்புறம் பெட்டியில கட்டுக்கட்டா பழைய சீட்டு இருந்துச்சு. ஏதாவது விழுந்திருக்குமா?

மாரி பிஸ்கட் டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஒரு தங்கச்சி வந்து இதைக் கேட்டது. ரப்பர் பட்டி இற்றுச் சீட்டோடு ஒட்டிப்போயிருந்தது. பின்பக்கத்தில் பென்சிலால் திகதி எழுதி, பார்த்தவற்றுக்குச் சரி போட்டு வைத்திருந்தார் அப்பா. சரி போடாதவை முப்பது நாற்பது இருந்தன. இரண்டு சபைகளின் இணையத்தளத்திலும் பழைய முடிவுகள் கிடைக்கும், திகதியும் குலுக்கல் இலக்கமும் இருந்தால் போதும். மழைநாளில் கடை வெறிச்சோடிக் கிடந்ததால் இருவரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தோம். இரண்டு சீட்டுக்குச் சின்னத் தொகை விழுந்திருந்தது, ஆனால் இரண்டுக்கும் கெடு தாண்டிவிட்டது. பரிசைக் கேட்டு வாங்க ஒரு கால எல்லை உண்டு. அது சீட்டின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும்.

உங்கள் வீட்டிலும் பார்க்காத சீட்டு இருந்தால் கெடுவுக்குள் கொண்டுவாருங்கள். கிழியாமல், மடிக்காமல், ஒரு கொப்பிக்குள் வைத்து எடுத்து வாருங்கள். பார்த்துச் சொல்வதற்கு நான் காசு வாங்குவதில்லை.